கண்ணாடிக்கு மேலே ஒரு வானொலி

புக்கிட் மெர்தாஜாமில் நான் முடிவெட்டப் போகும் கடையில், கண்ணாடிக்கு மேல் பலகையில் ஒரு பழைய வானொலி இருக்கிறது. அலைவரிசைத் திருகியின் பள்ளங்களில் பவுடர் படிந்து வெளுத்துவிட்டது. ஒலியைக் கூட்டும் குமிழ் மட்டும் விரல் பட்டுப் பட்டுப் பளபளக்கும். குத்துப்பாட்டு வந்தால் முடிவெட்டும் அண்ணனின் கை தானாக அங்கே போகும்.

முன்பு அதில் அரசாங்கத் தமிழ் வானொலியான வானொலி 6. நேயர் விருப்பத்தில் பாட்டைவிடப் பெயர்ப்பட்டியல் நீளம். மாமா, சித்தி, பக்கத்து வீட்டுக் குழந்தை வரை வாசித்து முடித்த பிறகுதான் இசை. 2005இல் அது மின்னல் ஆனது. தனியாரில் டி.எச்.ஆர். ராகா, பிறகு வெறும் ராகா. பெயர் எப்படியோ போகட்டும், அறிவிப்பாளர்களின் தமிழ் மாறியதைத்தான் நான் ரசித்தேன். செய்தி வாசிக்கும் மிடுக்கு போய், ‘பசியாறியாச்சா?’ என்று கேட்கும் குரல் வந்தது.

ஆனால் அந்தப் பெட்டி நிஜமாகவே அதிர்ந்தது 2006இல், யோகி பி – நட்சத்ரா என்ற மலேசியத் தமிழ் ராப் குழுவின் ‘வல்லவன்’ இசைத்தொகுப்பு வந்தபோது. அதில் ஒரு பாட்டு, ‘நிழல்கள்’ (1980) படத்துக்கு இளையராஜா போட்ட ‘மடை திறந்து’ மெட்டின் மேல் நம்மூர் ராப்! சென்னையிலிருந்து பாட்டை வாங்கியே பழகிய நாம், அந்த முறை திருப்பிக் கொடுத்தோம்.

இன்றும் அந்தப் பாட்டு வந்தால் என் தலை ஆடும். அண்ணன் கத்தியை நிறுத்திவிடுவார்: “தம்பி, ஆட்டாதீங்க, காது போயிடும்.”

அவர் கால் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருக்கும்.