ரொமான்ஸ்: என் பழைய விமர்சனத்துக்கு ஒரு திருத்தம்

2024 ஆகஸ்ட் 23, ஒரு வெள்ளிக்கிழமை. ஃபாண்டெய்ன்ஸ் டி.சி. குழுவின் நான்காவது ஆல்பம் ‘ரொமான்ஸ்’ வெளிவந்தது. ஞாயிற்றுக்கிழமையே இங்கே ஒரு விமர்சனம் எழுதிப் போட்டுட்டேன். “தெருவில் நின்று பாடிய பையன்கள் ஃபோட்டோ ஸ்டுடியோவுக்குள் போய்விட்டார்கள்” என்பது அதன் சாரம். நாலஞ்சு பேர் பாராட்டினார்கள், எனக்கும் திருப்தியாக இருந்தது. இப்போது அதைத் திரும்பப் படித்தால் கூச்சமாக இருக்கிறது. அழிக்கப் போவதில்லை. ஆனால் அதில் எங்கே தப்பு, எங்கே இன்னும் சரி என்று பிரித்து எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

இந்தக் குழுவைக் கேட்காதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். அயர்லாந்துக்காரர்கள், ஐந்து பேர். டப்ளினில் ஒரு இசைக் கல்லூரியில் படித்தபோது சேர்ந்தவர்கள். பாட்டுக்கு முன்னாடி இவர்களைச் சேர்த்தது கவிதை. சேர்ந்து எழுதிய கவிதைகளைச் சின்னப் புத்தகங்களாகவும் போட்டிருக்கிறார்கள். பெயரில் உள்ள ‘ஃபாண்டெய்ன்’ ‘காட்ஃபாதர்’ படத்துப் பாடகன் ஜானி ஃபாண்டெய்னிடமிருந்து வந்தது. ‘டி.சி.’ என்றால் டப்ளின் சிட்டி. முதல் ஆல்பம் ‘டாக்ரல்’ 2019இல் வந்தது, அந்த வருஷ மெர்க்குரி விருதின் இறுதிப் பட்டியலிலும் இருந்தது. அடுத்து ‘எ ஹீரோஸ் டெத்’ (2020), ‘ஸ்கின்டி ஃபியா’ (2022). இந்த மூன்றையும் தயாரித்தவர் டான் கேரி. நாலாவதுக்கு ஆளை மாற்றினார்கள். ஆர்க்டிக் மங்கீஸோடு பல ஆல்பங்கள் செய்த ஜேம்ஸ் ஃபோர்ட் வந்தார். ரெக்கார்ட் கம்பெனியும் மாறியது. கூடவே தலைமுடிக்குப் பளிச்சென்ற சாயம், கூலிங் கிளாஸ், விளையாட்டு உடை.

அந்தத் தலைமுடிதான் என்னைக் கவிழ்த்தது என்று நினைக்கிறேன். கேட்பதற்கு முன்னாடியே தீர்ப்பு பாதி எழுதியாகிவிட்டது.

என் முதல் விமர்சனத்தின் அடித்தளம் ஒன்றுதான்: ‘டாக்ரல்’ உண்மை, ‘ரொமான்ஸ்’ வேஷம். ‘டாக்ரலில்’ பாடகர் கிரியன் சாட்டன் தன் உச்சரிப்பைத் துளிகூட மழுக்கவில்லை. பாதி நேரம் பாடுவதே இல்லை, தெருமுனையில் நின்று ஒரே சுருதியில் பேசுகிறார். ‘பாய்ஸ் இன் த பெட்டர் லேண்ட்’ பாட்டில் ஒரு டாக்சி டிரைவர் வருகிறார், அவருடைய சிகரெட், அவருடைய ஆங்கில எதிர்ப்பு எல்லாம் சேர்ந்து வருகிறது. ‘லிபர்ட்டி பெல்’ டப்ளினின் லிபர்ட்டீஸ் என்ற பழைய பேட்டையைப் பற்றியது. ஊர் பெயரைக் கையில் பச்சை குத்திக்கொண்ட மாதிரியான ஆல்பம். ‘ரொமான்ஸில்’ டப்ளின் என்ற சொல்லுக்கே வேலை இல்லை. எனவே துரோகம். இதுதான் என் லாஜிக்.

இதில் ஒரு பக் இருக்கிறது. அப்போது நான் சரிபார்க்காத விஷயம், இவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்பது. கிடார் வாசிக்கும் கார்லோஸ் ஓகானல் மாட்ரிட்டில் வளர்ந்தவர். இன்னொரு கிடார்காரர் கானர் கர்லி வடக்கே மோனஹனிலிருந்து வந்தவர். பாஸ் வாசிக்கும் கானர் டீகனும் டிரம்மர் டாம் கோலும் நாட்டின் இன்னொரு கோடியில் இருக்கும் மேயோ மாவட்டத்து காசில்பார். சாட்டன் பிறந்ததே இங்கிலாந்தில், வளர்ந்தது டப்ளின் நகரத்துக்கு வடக்கே ஸ்கெரீஸ் என்ற கடலோரச் சிற்றூரில். அதாவது ‘டப்ளின் சிட்டி’ என்று பெயர் வைத்துக்கொண்ட குழுவில் நகரத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர் ஒருத்தர்கூட இல்லை!

இது தெரிந்ததும் ‘டாக்ரல்’ எனக்கு வேறு மாதிரிக் கேட்க ஆரம்பித்தது. படிக்க வந்த ஊரை, சொந்த ஊர்க்காரனை விட ஒரு பங்கு அதிகமாகக் காதலிக்கிற பையன்களின் ஆல்பம் அது. (நானும் பி.இ. படிக்க வந்த ஊரைப் பற்றி அந்த ஊர்ப் பசங்களுக்கே பாடம் எடுத்தவன்தான். அந்த வியாதி எனக்குத் தெரியும்.) ஜாய்ஸையும் பெகனையும் படித்துவிட்டு நகரத்தைக் கண்டுபிடித்தவர்கள். அதுவும் ஒரு கற்பனைதான், ஒரு ரொமான்ஸ்தான். அதனால் ‘டாக்ரல்’ பொய் ஆகிவிடாது. ஆனால் ‘அப்போது நிஜம், இப்போது வேஷம்’ என்ற என் கோடு நிற்காது. ரெண்டும் அலங்காரம்தான். அலங்காரம் எதைத் தாங்கி நிற்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

நடுவில் ‘ஸ்கின்டி ஃபியா’வை நான் சரியாகக் கணக்கில் எடுக்காததும் ஒரு தப்பு. ஊரை விட்டுப் போவது என்பது அந்த ஆல்பத்திலேயே நடந்து முடிந்துவிட்டது. அதன் முதல் பாட்டின் தலைப்பு ஐரிஷ் மொழியில் இருக்கிறது. ‘எங்கள் இதயங்களில் என்றென்றும்’ என்று பொருள். இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஒரு ஐரிஷ் குடும்பம் தங்கள் அம்மாவின் கல்லறையில் இந்த வரியைப் பொறிக்கக் கேட்டது. ஆங்கில மொழிபெயர்ப்பு இல்லாமல் போட்டால் அரசியல் கோஷமாக எடுத்துக்கொள்ளப்படலாம் என்று 2020இல் தேவாலய நீதிமன்றம் மறுத்துவிட்டது. மேல்முறையீட்டில் 2021இல்தான் அனுமதி கிடைத்தது. லண்டனுக்குக் குடிபோன ஒரு ஐரிஷ் குழு இந்தச் செய்தியைப் படித்தால் என்ன ஆகும்? அந்த வரியையே கோயில் ஜபம் மாதிரித் திரும்பத் திரும்பச் சொல்லி ஒரு பாட்டு செய்தார்கள். அதே ஆல்பத்தில் ‘ஐ லவ் யூ’ இருக்கிறது. காதல் பாட்டு என்று நினைத்துக் கேட்டுக்கொண்டே போனால், பாதியில் அது தன் நாட்டைக் கூண்டில் ஏற்றும் குற்றப்பத்திரிகையாக மாறுகிறது. விட்டுவிட்டு வந்தவனின் குற்றவுணர்ச்சி வேறு சேர்ந்துகொள்கிறது. இவர்கள் செய்ததிலேயே உச்சம் அந்தப் பாட்டு என்பது என் எண்ணம், இன்றைக்கும் மாறவில்லை.

இதற்கப்புறமும் டாக்சி டிரைவரையும் மழைத் தெருவையும் பாடிக்கொண்டிருந்தால் அது சுற்றுலாக் கடையில் விற்கிற சாவிக்கொத்து ஆகியிருக்கும். லண்டனில் வீடு, வருஷம் முழுக்க டூர். அவர்கள் கையில் இருந்த நிஜம் ஹோட்டல் அறையும் ரயில் நிலையமும்தான்.

ரயில் நிலையத்தைச் சும்மா சொல்லவில்லை. ‘ஸ்டார்பர்ஸ்டர்’ லண்டன் செயின்ட் பேன்க்ரஸ் நிலையத்தில் சாட்டனுக்கு வந்த பதற்றத் தாக்குதலிலிருந்து பிறந்த பாட்டு. ஹிப்ஹாப் சாயலில் ஒரு டிரம்ஸ், அதன் மேல் மூச்சு விடாமல் அடுக்குகிற வார்த்தைகள். ஒவ்வொரு அடுக்கின் முடிவிலும் ஒரு பெரிய மூச்சு உள்ளிழுக்கும் சத்தம், தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கினவன் மாதிரி. முதல் தடவை கேட்டபோது அதை ‘கிம்மிக்’ என்று எழுதியிருந்தேன். தப்பு. பாடகர்கள் மூச்சு வாங்குவதை எடிட்டிங்கில் வெட்டி எடுப்பதுதான் வழக்கம். இங்கே அதையே பாட்டின் கொக்கியாக ஆக்கியிருக்கிறார்கள். கிடார் எவ்வளவு கரகரப்பு என்பதை வைத்துப் பங்கை அளப்பவர்கள் இந்த மூச்சை எந்த அளவுகோலில் வைப்பார்கள் என்று தெரியவில்லை. என்னைப் பொறுத்தவரை ஆல்பத்திலேயே மிகப் பங்கான நொடி அதுதான்.

நான் கேட்ட இடமும் ஒரு காரணம். கம்பெனி பஸ்ஸில், சாதாரண இயர்போனில் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். ‘டாக்ரல்’ பஸ் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும், அதன் ஒலி ஒரே மட்டத்தில் முன்னால் வந்து நிற்கும். ‘ரொமான்ஸ்’ அப்படி இல்லை. முதல் பாட்டு இருட்டில் அடி எடுத்து வைப்பது போல மெதுவாக வருகிறது, கனம் எல்லாம் கீழ் ஸ்தாயியில். டீசல் என்ஜினும் அங்கேதான் குடியிருக்கிறது. ‘உள்ளே ஒன்றுமில்லை’ என்று நான் எழுதினது என்ஜினைப் பற்றி. வீட்டில் ராத்திரி ஸ்பீக்கரில் போட்டபோதுதான் ‘இன் த மாடர்ன் வேர்ல்ட்’ பாட்டின் தந்தி வாத்தியங்கள் பின்னாலிருந்து எழுந்து வருவது தெரிந்தது. கர்லி பாடும் ‘சன்டவுனர்’ல் குரல் கிடார் மூட்டத்துக்குள் கரைவதும் அப்போதுதான் பிடிபட்டது.

சரி, அப்படியென்றால் பழைய விமர்சனம் முழுக்கக் குப்பையா? இல்லை. ஒரு குறை அப்படியே நிற்கிறது.

வரிகள். ‘டாக்ரலில்’ ஆட்கள் இருந்தார்கள். ‘ரொமான்ஸில்’ படிமங்கள் இருக்கின்றன. ‘ஹார்ஸ்னெஸ் இஸ் த வாட்னெஸ்’ என்ற தலைப்பு ஜாய்ஸின் ‘யுலிசிஸ்’ நாவலிலிருந்து, ‘மோட்டார்சைக்கிள் பாய்’ கொப்போலாவின் ‘ரம்பிள் ஃபிஷ்’ படத்திலிருந்து. மேற்கோள் காட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ‘ஹியர்ஸ் த திங்’ கேட்டு முடித்ததும் யாரைப் பற்றி, யாரிடம் சொன்னார்கள் என்று யோசித்தால் கையில் ஒன்றும் தங்குவதில்லை. ‘பக்’ பாட்டும் அப்படித்தான் (என் தொழிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை). ‘டெத் கிங்க்’ தப்பிக்கிறது, ஏனென்றால் அதில் ஒரு உறவு இருக்கிறது, அந்த உறவில் அடிபட்ட ஒரு ஆள் இருக்கிறான். பத்திரிகைகள் ‘வளர்ச்சி’, ‘மறுபிறவி’ என்று எழுதித் தள்ளியபோது இந்த நஷ்டத்தை யாரும் கணக்கில் எழுதவில்லை என்பது என் ஆதங்கம். எங்கள் தொழிலில் மொத்தக் கோடையும் திருப்பி எழுதும்போது பழையதில் வேலை செய்துகொண்டிருந்த ஏதோ ஒன்று சத்தமில்லாமல் காணாமல் போகும். அந்த மாதிரி.

ஒப்பிட ஒன்று வேண்டுமென்றால், அதே வருஷம் அக்டோபரில் மெல்பர்ன் குழு ஆமில் அண்ட் த ஸ்னிஃபர்ஸின் ‘கார்ட்டூன் டார்க்னெஸ்’ வந்தது. நிக் லானே தயாரிப்பு, லாஸ் ஏஞ்சலஸில் ஃபூ ஃபைட்டர்ஸின் ஸ்டுடியோவில் பதிவு. அதாவது இவர்களும் ஊரை விட்டுத்தான் போயிருக்கிறார்கள். ஆனால் ஆமி டெய்லர் வாயைத் திறந்தால் ஆஸ்திரேலியா அப்படியே வந்து விழுகிறது. ‘யூ ஷுட் நாட் பீ டூயிங் தட்’ பாட்டில், நீ இதெல்லாம் செய்யக்கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தவர்களுக்கு அவர் பதில் சொல்கிறார். யாரிடம் பேசுகிறார் என்பதில் ஒரு வினாடிகூடச் சந்தேகம் வராது. ‘பிக் ட்ரீம்ஸ்’ல் வேகத்தைக் குறைத்தும் பார்த்திருக்கிறார்கள், நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் பதின்மூன்று பாட்டையும் ஒரே மூச்சில் கேட்டால் நடுவில் எனக்குக் கொஞ்சம் அலுப்புத் தட்டியது. எந்த நிமிஷம் எந்தக் கிடார் எகிறும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. ‘ரொமான்ஸில்’ அது தெரியாது. இந்த ஒரு விஷயத்துக்காகவே சாட்டன் கோஷ்டியை இப்போது அதிகமாகக் கேட்கிறேன்.

கடைசிப் பாட்டு ‘ஃபேவரிட்’ பற்றி நான் போன தடவை ஒரு வரிதான் எழுதியிருந்தேன்: “ரேடியோவுக்கான பாட்டு.” ஆமாம், ரேடியோவுக்கான பாட்டுதான். கிடார் ஒரே வட்டத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது, எங்கும் போய்ச் சேருவதில்லை, நாலு நிமிஷம் அப்படியே ஓடுகிறது. சந்தோஷமான பாட்டு மாதிரி ஆரம்பித்து, எப்போது துக்கமாக மாறியது என்று பிடிபடாமலே முடிந்துவிடுகிறது. இந்த மாசம் மட்டும் ஒரு ஐம்பது தடவையாவது கேட்டிருப்பேன்.

பழைய பதிவின் மேலே இந்தப் பதிவுக்கு ஒரு இணைப்புப் போட்டுவிட்டேன். அந்த ‘ஃபோட்டோ ஸ்டுடியோ’ வரியை மட்டும் அடித்திருக்கிறேன். வரிகளைப் பற்றி எழுதின பத்தி அப்படியே இருக்கட்டும்.