தொடுத்த கையும் வளர்த்த கையும்

திருப்புகலூர் முருக நாயனாரின் வரலாற்றைச் சொல்ல வந்த சேக்கிழார், போகிற போக்கில் ஒரு பூக்கட்டும் கூடத்தையே நம் முன் திறந்து வைத்துவிடுகிறார். விடியுமுன் நீராடிய நாயனார் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நால்வகைப் பூவும் கொய்து கூடைகளில் நிறைத்து வருகிறார். பிறகு தனியிடத்தில் அமர்ந்து அவர் செய்யும் வேலைகளைப் பெரியபுராணம் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அடுக்குகிறது. கோப்பது கோவை. சுருக்கிக் கட்டுவது இண்டை. தண்டில் கட்டினால் கண்ணி. பூவின் தாளோடு தாளைப் பிணைத்தால் பிணையல். பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே இவை தனித்தனி நுட்பங்களாகப் பிரிந்து, தனித்தனிப் பெயரோடு நின்றிருக்கின்றன.

கல்யாண மாலையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பேசுவார்கள், மணத்தைப் பேசுவார்கள். நான் காம்பிலிருந்து தொடங்க விரும்புகிறேன். பூக்கட்டும் கலை ஊருக்கு ஊர் வேறுபடுவதற்குக் காம்புதான் முதல் காரணம் என்பது என் எண்ணம். மல்லிகை மொட்டின் அடியில் குட்டையான குழலும் பச்சைப் புல்லியும் உண்டு. முடிச்சு அங்கே உட்கார்ந்துகொள்ளும், ஆகவே மல்லிகையைக் கட்டலாம். சம்பங்கிக்கு நீண்ட குழல். ஊசி நுழையும், ஆகவே அதைக் கோக்கலாம். செவ்வந்திக்குத் தலை கனம், காம்போடு கட்டினால் தொங்கிவிடும். நடுவே ஊசி ஏற்றினால்தான் நிற்கும். அரளியின் இதழ் அகன்றது, மடித்தால் மடிப்பு நிற்கும். எந்த மண்ணில் எந்தப் பூ மலிந்ததோ, அந்த மண்ணின் விரல்கள் அதற்கேற்பப் பழகின. நம் மாலை மரபுகளின் வேர் இதுவே.

மடிப்பில் தேர்ந்த விரல்களைப் பார்க்க வேண்டுமானால் தோவாளைக்குப் போக வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய இந்த ஊர், 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணையும் வரை திருவிதாங்கூர்ப் பகுதியில் இருந்தது. திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி கோயிலுக்கும் இவ்வூர்ப் பூவுக்கும் உள்ள உறவு அந்தக் காலத்தது. ஓணம் வந்தால் இன்றும் அத்தப்பூக் கோலத்துக்காகக் கேரளம் தோவாளைச் சந்தையைத்தான் எதிர்பார்க்கிறது. இங்கே பிறந்ததுதான் மாணிக்க மாலை. வெள்ளரளியையும் செவ்வரளியையும் மடித்து, நொச்சி இலையின் பச்சையை இடையிட்டு, நாரில் வரிசை பிடித்து நெருக்கி வைக்கிறார்கள். முடிந்த மாலை உருண்டு திரண்டிருக்காது. பட்டையாக, பாய் நெய்தது போலக் கட்டம் கட்டமாக விரியும். ஒவ்வொரு மடிப்பும் பதித்த கல் போல ஒளிர்வதைப் பார்த்த திருவிதாங்கூர் அரசர் மாணிக்கம் என்று வியந்ததால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள் ஊர்க்காரர்கள். 2025இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். பூவுக்குக் குறியீடு முன்பே உண்டு. மதுரை மல்லி 2013இல் பெற்றது. தோவாளைக்குக் கிடைத்தது கட்டுக்கான குறியீடு, விரலுக்கான குறியீடு. அந்த வேறுபாடு பெரிது.

மாணிக்க மாலையின் தரத்தைத் திருப்பிப் பார்த்துத்தான் அறிய வேண்டும். முன்புறத்தில் கட்டங்கள் நேராக ஓடினால் மட்டும் போதாது. பின்புறத்தில் நார் ஒரே இழுப்பில் ஓடியிருக்க வேண்டும். மடிப்பின் நுனி எங்கும் பிதுங்கக் கூடாது. பட்டையாக இருப்பதால் இது நெஞ்சில் படிந்து கிடக்கும், கழுத்தை அறுக்காது. ஆளுயர உருட்டு மாலையைச் சுமந்து வியர்க்கும் மணமக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோவாளை நினைவுதான் வரும்.

மதுரை முடிச்சின் ஊர். குண்டுமல்லி மொட்டை இரண்டு இப்படி, இரண்டு அப்படி வைத்து, வாழைநாரைச் சுற்றி ஒரு கண்ணி போட்டு இழுத்தால் சரம் வளரும். கால் கட்டைவிரலில் நாரை மாட்டிக்கொண்டு பேச்சு நிற்காமல் முழம் முழமாகக் கட்டித் தள்ளும் பெண்களை அந்த ஊரின் எந்தத் தெருவிலும் காணலாம். நெருக்கக் கட்டுவதும் கலக்கக் கட்டுவதும் அங்கே விலையோடு சேர்ந்த தரங்கள். முழம் ஒன்றானாலும் பூ ஒன்றாகாது. ஆனால் மதுரைக் கைகளின் உச்சம் சரத்தில் இல்லை, பூச்சடையில் இருக்கிறது. வாழைமட்டையைப் பின்னலின் நீளத்துக்கு நறுக்கி, அதன் மேல் மல்லிகை மொட்டுகளை ஊசியால் தைத்து, நடுவில் கனகாம்பரத்தால் கோடோ பூவோ இட்டு முடிப்பார்கள். மொட்டுகள் ஒரே பருமனில் இருக்க வேண்டும். அத்தனையும் ஒரே நேரத்தில் மலரவும் வேண்டும். அதனால் தைப்பதைவிடப் பொறுக்குவதற்கே நேரம் அதிகம். அந்த மொட்டுகள் மதுரையைச் சுற்றிய தோட்டங்களில் விளைந்தாலும், அந்தச் செடிகளின் நாற்று பல காலமாக இராமேசுவரம் தீவில் தங்கச்சிமடம் பக்கத்துப் பதியங்களிலிருந்து வருகிறது. மீனுக்குப் பேர் போன கடற்கரை மணலில்தான் மதுரையின் மணம் வேர் விடுகிறது.

தஞ்சைக்குக் கலவைதான் பெருமை. கதம்பம் என்றால் தஞ்சாவூர்க் கதம்பம். மல்லிகை, கனகாம்பரம், அரளி எல்லாம் அதில் உண்டு என்றாலும், கதம்பத்தைக் கதம்பமாக்குவது மரிக்கொழுந்தும் மருவும்தான். பூ வாடிய பிறகும் தழை மணக்கும். கதம்பம் கட்டுவதில் சோம்பலுக்கு நிறைய இடம் உண்டு. தழையை வாரிப் போட்டுப் பூவைக் குறைத்து நீளத்தைக் கூட்டிவிடலாம். நல்ல கதம்பத்தில் எந்த நிறமும் இரண்டு முறை அடுத்தடுத்து வராது, தழை பூவின் தோளுக்கு மேல் எழாது.

அதே தஞ்சையில் வாடாத பூவும் பிறக்கிறது. நீர்நிலைகளில் வளரும் நெட்டியின் தண்டை உலர்த்தித் தோல் சீவினால் உள்ளே வெண்மையான, எடையே இல்லாத சோறு. கூரிய கத்தியால் அதை ஏடு ஏடாகச் சீவிப் பூவாக்கலாம். பெரிய கோயிலை நெட்டியில் செய்து விற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். தஞ்சை நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாட்டுப் பொங்கலன்று டெல்டா மாவட்டங்களில் மாடுகளின் கழுத்தில் ஆடுவது நெட்டி மாலைதான். கல்யாணத்தில் சீர்வரிசைத் தட்டுக்கும் வாசல் தோரணத்துக்கும் இன்று ஞெகிழிப் பூ வாங்குகிற வீடுகள் நெட்டிப் பூவை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறேன். குளத்தில் விளைந்து, மண்ணுக்கே திரும்பும் பொருள் அது. சாயம் ஏற்றாமல் வெள்ளையாகவே விட்டால் இன்னும் அழகு.

கோயில் மரபு இவை எல்லாவற்றுக்கும் தாய். பெரியாழ்வார் திருவில்லிபுத்தூரிலும், தொண்டரடிப்பொடியாழ்வார் திருவரங்கத்திலும் நந்தவனம் வைத்துப் பூக்கைங்கரியம் செய்தவர்கள். இராமாநுசரின் சீடர் அனந்தாழ்வான் அதற்காகவே திருமலையில் குடியேறினார். வளர்ப்பவரே தொடுப்பவராக இருந்த மரபு இது. ஆண்டாள் சூடிய மாலை இன்றும் புரட்டாசிப் பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதி போகிறது, சித்திரையில் கள்ளழகருக்கு மதுரை போகிறது. ஆண்டாளின் கையில் அமரும் கிளியை நாள்தோறும் புதிதாகச் செய்கிறார்கள்: மாதுளம்பூவில் மூக்கு, மரவள்ளி இலையில் உடல். தோட்டத்தில் எது எந்த வடிவத்தில் இருக்கிறது என்று தினமும் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் மாதுளம்பூ மூக்காகத் தெரியும்.

ஓசூர் ரோஜாவும் சத்தியமங்கலம் சம்பங்கியும் வந்த பிறகு கல்யாண மாலையின் உருவம் மாறிவிட்டது. ரோஜா இதழ்களை அடுக்கி அடுக்கிக் கோத்த மாலைதான் இப்போது மேடைக்கு மேடை. அதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இதழை நசுக்காமல் கோப்பதற்கும் தேர்ச்சி வேண்டும். பஞ்சுப் பட்டையில் இதழை ஒட்டி, மினுக்கு தூவி, சாயம் தெளித்து வருகிறதே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. முகர்ந்தால் பசை மணக்கும் மாலையைக் கழுத்தில் போடலாமா?

தமிழ்நாட்டில் மாலைக்குச் சட்டத்தின் தகுதியே உண்டு என்பதைப் பலர் மறந்துவிட்டோம். சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு தர 1967இல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரை ஒருவர் இணையராக ஏற்பதாகச் சொன்னாலோ, மாலை மாற்றிக்கொண்டாலோ திருமணம் நிறைவேறும். மோதிரமும் தாலியும் இவற்றுக்கு மாற்றாக உள்ள வழிகள். வைதிகக் கல்யாணத்திலும் மாலை மாற்றல் உண்டு, பகுத்தறிவாளர் கல்யாணத்திலும் உண்டு. இரண்டு மேடைக்கும் பொதுவான பொருளை அவசரத்தில் முடிக்கக் கூடாது.

அப்படியானால் மாலையை எப்படித் தேர்வது? கட்டுபவர்கள் பார்க்கும் இடங்களையே நாமும் பார்க்கலாம். இரண்டு மாலையும் சோடியா, நீளமும் கனமும் ஒத்திருக்கின்றனவா என்று முதலில் பார்ப்பார்கள். அடுத்தது கழுத்தில் படும் பகுதி: அங்கே காம்போ கம்பியோ துருத்தக் கூடாது. குஞ்சம் பூவின் எடையைத் தாங்கி நேராகத் தொங்க வேண்டும். நார் எது என்று கேளுங்கள். நனைத்துக் கிழித்த வாழைநார் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மெல்லிய காம்பை அறுக்காது. நைலான் இழைக்கு இரண்டும் தெரியாது.

எல்லாவற்றுக்கும் மேல் நேரம். இதைத் தோட்டம் வைத்தவர்கள் மட்டுமே முழுதாக அறிவார்கள். மல்லிகை காலையில் பறித்த மொட்டாகக் கைக்கு வந்து, அந்தியில் வாய் திறந்து, மறுநாள் முற்பகலுக்குள் பழுப்பேறத் தொடங்கும். கடையில் பனிக்கட்டிப் பெட்டியிலிருந்து எடுத்துத் தரும் மொட்டுக்கு இந்தக் கணக்கு குழம்பிப்போயிருக்கும். நம் வீட்டுச் செடி நம்மை ஏமாற்றாது. மொட்டு பச்சை நீங்கி முழு வெண்மை கொண்டுவிட்டதா என்று தினமும் பார்க்கிறவர்களுக்கு, எந்த மொட்டு இன்று மலரும், எது நாளைக்கு என்று விரல் சொல்லும்.

மாடியில் இரண்டு தொட்டி வைத்திருக்கும் அன்பர்கள் பலர் என்னிடம் கேட்பது, இலை தழைக்கிறதே, பூக்கவில்லையே என்பதுதான். மல்லிகைக்கு நாள் முழுதும் வெயில் வேண்டும். நிழலிலும், தழைச்சத்து மிகுந்த எருவிலும் அது இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். மொட்டு புதுத் தளிரில்தான் வரும் என்பதால் கவாத்து தவிர்க்க முடியாதது. நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து ஏறத்தாழ 50 செ.மீ. உயரத்துக்கு வெட்டிவிடச் சொல்வது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. முல்லைக்கு அது சனவரிக் கடைசி. முதல் முறை வெட்டும்போது கை நடுங்கத்தான் செய்யும். பங்குனியில் செடியைப் பார்த்தால் அச்சம் போய்விடும். கனகாம்பரம் அவ்வளவு கெடுபிடி இல்லாதது, அரை நிழலிலும் பூக்கும். அதன் காய்ந்த விதைக்கூட்டில் தண்ணீர் பட்டதும் வெடித்து விதை தெறிக்கும். குழந்தைகளுக்கு அதைவிடப் பெரிய விளையாட்டு வேண்டாம். ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 15,000 பூ நிற்கும் அந்த எடையின்மைதான் அதைத் தலைக்கு ஏற்ற பூவாக்கியது. அரளி வைப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு. குழந்தைக்கும் ஆட்டுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள், பறித்ததும் கை கழுவுங்கள்.

வீட்டுத் தோட்டத்துப் பூவாலேயே முழுக் கல்யாணத்தையும் நடத்த முடியாது, நடத்தவும் வேண்டாம். பூக்கடைக்காரர்களும் பிழைக்க வேண்டும். காலை முகூர்த்தத்துக்கான பெரிய மாலையை நல்ல கைகளிடம் கொடுங்கள். சம்பங்கியும் செவ்வந்தியும் அரளியும் வெயிலையும் விளக்குச் சூட்டையும் தாங்கும். மாலை வரவேற்புக்கான மல்லிகைச் சரத்தை வீடு எடுத்துக்கொள்ளட்டும். வைகாசிக் கல்யாணம் என்றால் கார்த்திகையில் கவாத்து முடித்த தொட்டிகள் அப்போது கொத்தாகக் கொடுக்கும். தை, மாசிக் கல்யாணமாக இருந்தால் மல்லிகையை நம்பாதீர்கள். பனியில் அது அடங்கிக் கிடக்கும், சந்தையில் விலை ஏறிக் கிடக்கும். அந்தப் பருவத்துக்கு ஊதா டிசம்பர் பூவும் கனகாம்பரமும் மருவும் சேர்ந்த சரம் போதும். மணமில்லாத இரண்டு பூவுக்கும் மரு மணம் கொடுத்துவிடும். முதல் நாள் இரவே நாரை நனைத்து வையுங்கள். காலையில் பறித்த மல்லிகை மொட்டை வெயில் ஏறுமுன் கட்டி முடித்து, வாழையிலையில் சுருட்டி, ஈரத்துணி போர்த்தி நிழலில் வைத்தால், வரவேற்பு தொடங்கும் நேரத்தில் பெண்ணின் சடையில் மலரும்.