கண்ணில் படாத ஆட்டம்

கால்பந்தில் கோல் அடித்தவரைக் கொண்டாடுவோம். அந்தப் பந்தை மூன்று பாஸ்களுக்கு முன்னே எதிரியிடமிருந்து பறித்தவர் யாரென்று கேட்டால் விழிப்போம். அப்படிப் பறித்தே இருபதாண்டு ஓட்டியவர் இங்கிலாந்தின் கேரத் பாரி.

ஆஸ்டன் வில்லாவில் தொடங்கி, மான்செஸ்டர் சிட்டி, எவர்டன், வெஸ்ட் பிரோம் என நான்கு அணிகள். 1998இல், 17 வயதில், பிரீமியர் லீக்கில் முதல் ஆட்டம். தொடக்கத்தில் தடுப்பாட்டக்காரர்; பிறகு நடுக்களம். 2017 செப்டம்பரில் அந்த லீக்கில் அதிக ஆட்டம் ஆடியவரான ரயன் கிக்ஸின் 632 ஆட்டச் சாதனையைக் கடந்தார். கடைசியில் நின்றது 653இல்.

அவரிடம் வேகம் இருந்ததில்லை. 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனியின் ஓசில் அவரை ஓடியே தோற்கடித்ததை இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் ஓட வேண்டிய தேவையே வராத இடத்தில் முன்கூட்டியே போய் நிற்பதுதான் அவருடைய வித்தை. பந்து வருமுன் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை, இடது காலால் பத்தடிக்கு ஒரு பாஸ், உடனே அடுத்த இடத்துக்கு நகர்வு. தப்பிப் போகிறவரைச் சின்னதாக ஒரு ஃபவுல் செய்து நிறுத்தியதும் உண்டு. மஞ்சள் அட்டைகள் நூறைத் தாண்டியது அதனால்தான்.

2012இல் மான்செஸ்டர் சிட்டி பட்டம் வென்றபோது பேர் வாங்கியவர் கோல் அடித்த அகுவேரோ; நடுவில் நின்ற பாரி அல்ல. அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு நடுவில் நிற்பவரைப் பாருங்கள். ஆட்டம் வேறாகத் தெரியும்.