காந்தத்துக்கு முளைத்த முடி

பழைய ஸ்பீக்கரைப் பிரித்தால் கிடைக்கும் வட்டக் காந்தம், மதுரை தல்லாகுளத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பொக்கிஷம். தமுக்கம் பக்கத்து மண்ணில் உருட்டி எடுத்தால் ஓரமெல்லாம் கருந்துகள் சிலிர்த்து நிற்கும். ஊதினால் போகாது, வழித்தால் விரல்நுனி கறுத்துவிடும். காந்தத்தில் இப்படி ஒட்டுகிற இயற்கைத் தாது மேக்னடைட். சேலம் கஞ்சமலையில் பாறையாகவே கிடக்கிறது.

2022-இல் வந்த ‘போக்கிமான் ஸ்கார்லெட்’ வீடியோ விளையாட்டில் இருக்கும் ‘சாண்டி ஷாக்ஸ்’ என்ற போக்கிமான் இந்த மண்காந்தத்தின் சாயல்தான். 1996-இலேயே வந்த மேக்னடான் என்ற போக்கிமான், காற்றில் மிதக்கும் மூன்று எஃகு உருண்டை. அதன் ஆதிகால வடிவம் போன்ற சாண்டி ஷாக்ஸோ தரையில் நிற்கிறது. லாடக் காந்தங்களே கால்கள், இரும்புத்துகளே முடி. இனம் மின்சாரமும் நிலமும், எஃகு இல்லை. உலை மூட்டாத காலத்தில் எஃகு ஏது? இந்தச் சின்ன நியாயம்தான் என்னைக் கவர்ந்தது. கடும் வெயிலடித்தால் இதன் பலம் கூடும். சித்திரையில் மதுரைக்கு வந்தால் யாராலும் அசைக்க முடியாது!

பழங்கால மிருகம் என்றாலே கோரைப்பல்லும் கொம்பும் வரைவார்கள். மண்ணையும் காந்தத்தையும் மட்டும் நம்பிய இந்த உருவம் அவற்றையெல்லாம்விட ஒரு படி மேல்.