சேக்கிழார் காட்டும் முட்டாத கை

பன்னிரண்டாந் திருமுறையாகிய பெரியபுராணம் தோன்றிய வரலாறே, காலத்தின் தளர்ச்சியைக் கண்டு கவன்ற ஓர் உள்ளத்தின் வரலாறாகச் சொல்லப்படுகிறது. அநபாயச் சோழன் சீவக சிந்தாமணியின் சுவையில் மூழ்கியிருந்தான் என்றும், அமைச்சராயிருந்த சேக்கிழார் அவன் மனத்தை அடியார் வரலாற்றின்பாற் திருப்பினார் என்றும் மரபு கூறும். சுந்தரர் 11 பாடல்களிற் பெயர் சுட்டிப் போற்றிய அடியாரை, நம்பியாண்டார் நம்பி அந்தாதியால் விரித்தார்; 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அதனைப் பெருங்காப்பியமாக்கினார். தனியடியார் 63 பேரும் தொகையடியார் 9 கூட்டத்தினரும் அதன்கண் இடம்பெற்றனர்.

இந்நூலைப் போற்றுவோர் பலர். அதனைக் கேள்விக்குட்படுத்திப் படிப்போர் சிலரே. சமயந் தளர்ந்த காலத்தில் இறைவன்பால் உறுதி குன்றாதிருத்தல் என்பதற்குச் சேக்கிழார் கொண்ட அளவுகோல் யாது என்பதே யான் ஈண்டு எழுப்ப விரும்பும் வினா. விடை தேடுதற்கு மூர்த்தி நாயனார் புராணத்தினும் ஏற்ற இடம் பிறிதில்லை.

மூர்த்தியார் மதுரையில் வணிகர் குலத்தில் தோன்றியவர். ஆலவாய்ப் பெருமானுக்கு நாள்தோறும் சந்தனக் காப்பு அரைத்துக் கொடுப்பது அவருடைய பணி. அவர் பாடலொன்றும் பாடியதாகவோ, வாதொன்றும் நிகழ்த்தியதாகவோ, கோயிலொன்றும் எடுப்பித்ததாகவோ நூல் கூறவில்லை. சந்தனம் அரைத்தார், அவ்வளவே. அக்காலத்தில் வடுகப் படையோடு வந்த கருநாடர் மன்னன் பாண்டிநாட்டைக் கைப்பற்றினான். ஆராய்ச்சியாளர் சிலர் இச்செய்தியைக் களப்பிரர் காலத்தோடு பொருத்திக் காண்பர். அம்மன்னன் சமண சமயத்தைத் தழுவியவன். மூர்த்தியாரின் பணியை நிறுத்த எண்ணியவன், அவரைச் சிறையிலிடவில்லை. சந்தனக் கட்டை கிடைக்கும் வழிகளை அடைத்துவிட்டான்.

இவ்விடத்திற் புலவரின் நுட்பத்தை நோக்குதல் வேண்டும். காலத்தின் சீர்கேட்டை அவர் இடிந்த கோபுரங்களாற் காட்டவில்லை. எரிந்த ஏடுகளாலும் காட்டவில்லை. ஒரு நாள் முழுவதும் தேடியும் ஒரு கட்டை கிடையாமையாற் காட்டுகிறார். சிறிய பணியொன்று ஒரு நாள் தடைப்படுவதே அவருக்குப் பெருங்கேடு. சந்தனக் கல்லின் முன்னே வெறுங்கையராய் நிற்கும் அடியாரின் நெஞ்சில் எழும் எண்ணத்தையும் அவர் ஒரு சொல்லைக் கொண்டே அமைக்கிறார். அச்சொல் 'முட்டுதல்' என்பது. சாந்துக்கு இன்று முட்டு நேர்ந்ததாயினும் அதனைத் தேய்க்குங் கைக்கு முட்டில்லையே என்று கருதினார் மூர்த்தியார். கல்லின்மேல் முழங்கையை வைத்துத் தேய்த்தார். தோல் தேய்ந்தது; குருதி பெருகியது; எலும்பும் வெளிப்பட்டது. பொருளின் முட்டையும் கையின் முட்டாமையையும் அருகருகே வைத்துவிட்டு, விளக்கவுரை ஏதுங் கூறாது புலவர் ஒதுங்கிக்கொள்கிறார். நம் வீடுகளில் இன்றும் வழங்கும் 'முட்டுப்பாடு' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இவ்விடம் நினைவுக்கு வரும்.

ஒன்பதாந் தரத்தில் இக்கதையைப் படிப்பித்தபொழுது மாணவனொருவன் எழுந்து, "ஐயா, ஒரு நாள் சந்தனம் இல்லாவிட்டால் சுவாமி கோபிப்பாரா?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடனே விடையும் வரவில்லை. வீடு சென்று நூலை மீண்டும் விரித்தேன். விடை நூலிலேயே இருந்தது. முழங்கை தேய்ந்தபொழுது, இச்செயலை ஒழிக என்று தடுத்த குரல் இறைவனுடையது. ஆகவே உடலை வருத்துமாறு இறைவன் கேட்கவுமில்லை, அதனை விரும்பவுமில்லை. சந்தனம் இறைவனுக்கு இன்றியமையாததன்று. அதனை அரைத்தல் மூர்த்தியாருக்கு இன்றியமையாதது. அன்புடையார் செய்யும் பணியில் முட்டு நேர்ந்தால் நோவது அன்பேயன்றி ஆண்டவனல்லன். மறுநாள் அம்மாணவனிடம் இதனைச் சொன்னேன். அவன் முழுவதும் ஒப்பினான் என்று சொல்லமாட்டேன். ஆயினும் அவன் கேளாதிருந்தால் யானும் இதனைக் கண்டிருக்க மாட்டேன்.

பிற புராணங்களிலும் இவ்வளவுகோலே அமைந்திருத்தலைக் காணலாம். திருவாரூர் அரநெறியில் விளக்கேற்ற விழைந்த நமிநந்தியடிகள், பொழுது சாய்ந்தமையால் அருகிருந்த மனையிற் புகுந்து நெய் கேட்டார். கையில் அனலேந்தும் கடவுளுக்கு விளக்கு எதற்கு, வேண்டுமாயின் நீரை வார்த்து எரியும் என்று அம்மனையோர் இகழ்ந்தனர். நீரால் விளக்கெரிந்த அற்புதத்தையே நாம் பெரிதாகப் பேசுகிறோம். அந்த மாலைப்பொழுதில் விளக்கின்றித் திரும்ப அவருக்கு மனம் வராமையே கதையின் உயிர். புகழ்த்துணையார் வரலாற்றிலோ மன்னனுமில்லை, இகழ்வாருமில்லை; பஞ்சமே பகை. பசியால் மெலிந்த கையினின்று திருமஞ்சனக் குடம் நழுவி இறைவன் முடிமேல் வீழ்ந்தது. அவர் குடத்தைத் தவறவிட்டார், பூசையைத் தவறவிடவில்லை. திருநின்றவூர்ப் பூசலாரிடம் பொருளே இல்லை. நெஞ்சினுள்ளே நாள் பார்த்துக் கடைக்கால் இட்டு, ஒழுங்காகக் கோயில் எடுத்தார். தடை அரசனால் வரினும் அயலாரால் வரினும் பஞ்சத்தால் வரினும் வறுமையால் வரினும் அடியார் செய்தது ஒன்றே: அன்றாடத்தை அறாமற் காத்தனர்.

இனி, இந்நூலின் மேல் நேர்மையாகக் கூறத்தக்க குறையொன்றையும் மறைத்தல் தகாது. சேக்கிழார் சமணரைச் சித்திரிக்கும் முறை ஒருதலைப்பட்டது. நமிநந்தியார்க்கும் தண்டியடிகட்கும் இடுக்கண் செய்வோராகவே அவர்கள் வருகின்றனர். ஆனால் சிந்தாமணியையும் நன்னூலையும் நாலடியாரையும் தமிழுக்குத் தந்தவர் சமணரே. எழுத்தும் சொல்லும் இன்னவென்று பவணந்தியாரிடம் கற்ற நாம், அவருடைய சமயத்தாரைப் பகைவராக மட்டும் காண்பது நன்றியன்று. பல சமயத்தவர் ஒரே தெருவில் வாழும் கொழும்பு மாநகரில், இப்புராணங்களை அயற்சமயத்தார்மேல் வெறுப்பு மூட்டப் பயன்படுத்துவோமாயின் அது புலவரின் நோக்கத்தையே சிதைப்பதாகும். சாக்கிய நாயனாரைப் படைத்தவரும் இப்புலவரே. பௌத்தத் துறவியின் உடையைக் களையாமலே, நாள்தோறும் சிவலிங்கத்தின்மேல் ஒரு கல்லை எறிதலையே வழிபாடாகக் கொண்டவர் அவர். உண்ணத் தொடங்கிய வேளையில் அன்று கல்லெறிய மறந்தமை நினைவுக்கு வரவே, உணவை விட்டு ஓடினார். புலவர் அங்கும் உடையை அளக்கவில்லை. நாள் தவறாமையையே அளந்தார்.

மூர்த்தி நாயனார் புராணத்தை நாம் பெரும்பாலும் பாதியளவிலேயே படிப்பிக்கிறோம் என்பது என் துணிபு. முழங்கை தேய்த்த இடத்தோடு பாடம் முடிந்துவிடுகிறது. எஞ்சியதை 'பின்னர் அரசரானார்' என ஒரு வரியில் ஒதுக்குகிறோம். வெளிவாரிப் பட்டத்தேர்வுக்காக யான் படித்த நாளிலும் அப்பகுதியை விரைந்தே கடந்தேன். இன்று அதுவே புராணத்தின் கடினமான பகுதியெனத் தோன்றுகிறது.

அன்றிரவே மன்னன் இறந்தான், அவனுக்கு மகப்பேறில்லை. அமைச்சர்கள் கண் கட்டிவிட்ட யானை, கோயிலின் புறத்தே நின்ற மூர்த்தியாரை எடுத்துத் தன் பிடரியில் ஏற்றியது. சந்தனத்துக்கு அலைந்தவருக்கு ஒரே இரவில் நாடு முழுதும் கிடைத்துவிட்டது. சைவம் தழைப்பதாயின் ஆட்சியை ஏற்பேன் என்றார் அவர். பின்னர் முடிசூட்டுக்கு அவர் விதித்த முறையைக் காண்க: திருநீறே அபிடேகம், உருத்திராக்கமே அணிகலன், சடையே முடி. இம்மூன்றும் கொண்டு அவர் ஆண்டதைக் குறித்தே மும்மையால் உலகாண்ட சருக்கம் எனப் பெயரும் அமைந்தது.

முதற்சோதனை இன்மையால் வந்தது. இரண்டாஞ் சோதனை உடைமையால் வந்தது. கருநாடர் மன்னன் அவரிடமிருந்து சந்தனத்தைப் பறித்தான். அரியணையோ அவரிடமிருந்து அவரையே பறித்திருக்கக்கூடும். பொன்முடி சூடிய தலை பழைய கல்லின் முன்னே குனிதல் எளிதன்று. அதனை உணர்ந்தே அவர் முடியை மறுத்தார், பணியாளராகவே அரசிருந்தார். வறுமையில் முட்டாத கை, செல்வத்திலும் முட்டவில்லை. இன்மையை வென்ற கதையாக மட்டும் இதனைப் படிப்போர் புலவர் கூறியதிற் பாதியையே கேட்டவராவர்.

இவ்விரு சோதனைகளையும் இந்நகரத்துச் சைவரும் கண்டிருக்கின்றனர். 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தையிலிருந்த தம் வீட்டை விட்டோடிய என் பெரியம்மா, அகதி முகாமொன்றிற் சில நாள் தங்கிப் பின் கப்பலேறி வடக்கே சென்றவர். உடுத்த சேலையன்றி வேறொன்றும் அவர் கையில் இல்லை. திருநீற்றுக் குடுவையும் வீட்டோடு போயிற்று. முகாமிற் பொதுவாகச் சோறாக்கிய அடுப்பின் ஆறிய சாம்பலில் ஒரு சிட்டிகை எடுத்துக் காலையும் மாலையும் நெற்றியில் இட்டுக்கொண்டாராம். அது விதிப்படி அமைந்த திருநீறன்று. அவரும் அதனை அறிவார். "முட்டுப்பாட்டுக்கு வேறென்ன செய்யிறது" என்பதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. மூர்த்தியாரின் கல்லுக்கும் பெரியம்மாவின் அடுப்புக்கும் இடையே நெடுந்தூரமில்லை என்றே எண்ணுகிறேன்.

ஆனால் இன்று நமக்கு முன்னுள்ளது இரண்டாஞ் சோதனை. கொட்டாஞ்சேனையிற் பொன்னம்பல முதலியார் 1857இல் எடுப்பித்த பொன்னம்பலவாணேசர் கோயிலை, அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கற்றிருப்பணியாகப் புதுக்கினார். 1902இல் தோன்றிய விவேகானந்த சபை அதே கொட்டாஞ்சேனையிற் சமயக் கல்விக்கு இடமளித்தது. ஆடிவேல் விழாவன்று வீதி கொள்ளாத கூட்டம் காண்கிறோம். சந்தனத்தை எவருந் தடுக்கவில்லை. அது பொடியாகி, உறையிலடைத்துக் கடைதோறும் தொங்குகிறது. எனினும் தொடர்மாடி வீடுகளில் மாலை விளக்கு எத்தனை இடத்தில் எரிகிறது? நம் பணிக்கு முட்டு நேர்வது பொருளில்லாமையால் அன்று, கையில்லாமையால்.

பிறரைக் குறைகூற எனக்கு உரிமையில்லை. மாலை வேளையில் தனிவகுப்புகள் நடத்தத் தொடங்கிய பின்னர், விளக்கேற்றித் தேவாரம் ஓதும் வழக்கம் என் வீட்டில் என்னாலேயே நின்றது. எவரும் தடுக்கவில்லை. வகுப்புகளால் வருவாய் கூடிற்று, அவ்வளவே. ஏறத்தாழ இரண்டாண்டுகள் அது ஒரு குறையாக எனக்குத் தோன்றவுமில்லை. மாணவனின் கேள்விக்கு விடைதேடி நூலை விரித்த அன்றே அது உறுத்தியது. ஒரு நாள் சந்தனம் இல்லாமைக்கு எலும்பு தேயுமட்டும் வருந்தியவரை, இரண்டாண்டு விளக்கை மறந்தவன் படிப்பித்துக்கொண்டிருந்தேன்.

ஆதலின், காலம் கெட்டுவிட்டது என்று புலம்புவோரோடு சேக்கிழார் சேரமாட்டார் என்றே கருதுகிறேன். அவர் காப்பியத்திற் காலம் எப்பொழுதும் கெட்டதாகவே இருக்கிறது. மன்னன் மாறுகிறான், பஞ்சம் வருகிறது, அயலார் நகைக்கின்றனர். அவற்றைக் கூறிவிட்டு, இன்றைய பணி நடந்ததா என்று மட்டும் அவர் கேட்கிறார். திருவிழாவை அவர் வெறுத்தவரல்லர். ஆயினும் அடியாரை எடைபோட அவர் தேர்ந்தது ஊர் திரண்ட நாளையன்று, எவரும் பாராத ஒரு சாதாரண நாளையே.

மாணவ மணிகளுக்கு ஒரு வேண்டுகோள். பெரிய விரதங்களை மேற்கொள்ளுமாறு யான் கூறவில்லை. முழங்கையைத் தேய்க்குமாறு கூறவேயில்லை. இறைவனே அதனை வேண்டாமென்றார். ஒரு பூ, ஒரு விளக்கு, ஒரு பதிகம் - உம்மால் இயன்ற ஒன்றைத் தேர்ந்துகொள்க. பரீட்சை நெருங்கிய நாளிலும் அதனை விடாதிருங்கள். பெறுபேறு சிறந்து பல்கலைக்கழகம் புகுந்த நாளிலும், கடல் கடந்து உத்தியோகம் பெற்ற நாளிலும் விடாதிருங்கள். பின்னையது முன்னையதினும் கடினம் என்பதை மூர்த்தியார் அறிந்திருந்தார்.

என் வீட்டில் இப்பொழுது மாலை ஆறரை மணிக்கு விளக்கேற்றுகிறோம். வகுப்பு ஏழு மணிக்கே தொடங்குகிறது.