படைப்பெழுத்துப் பட்டத்தின் மறக்கப்பட்ட மரபு

எழுத்தைக் கற்பிக்க முடியாது, ஆகவே படைப்பெழுத்தை இளங்கலைப் பட்டமாக வைப்பது இளைஞரின் காலத்தையும் பெற்றோரின் பணத்தையும் வீணடிப்பதாகும் என்ற கூற்று ஆங்கில இலக்கிய உலகில் இன்று பெரும் செல்வாக்குடன் உலவுகிறது. கிங்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இதே பாடத்தைக் கற்பித்துக்கொண்டிருந்த நாவலாசிரியர் ஹனிஃப் குரேஷி, 2014இல் பாத் இலக்கிய விழா மேடையில் இத்தகைய படிப்புகள் காலவிரயம் என்று சொன்னபின், அக்கூற்றுக்கு உள்ளிருப்பவரின் சாட்சியமும் கிடைத்துவிட்டது. இதற்கு மறுமொழியாகப் பல்கலைக்கழகங்கள் முன்வைப்பது, கதை சொல்லும் திறன் விளம்பரம் முதல் நிர்வாகம் வரை எல்லாத் தொழிலுக்கும் பயன்படும் என்ற வணிக வாதம். எதிரெதிராகத் தோன்றும் இவ்விரண்டும் ஒரே பிழையான எடுகோளில் நிற்கின்றன: ஒரு பட்டம் எழுத்தாளரையோ ஊழியரையோ உற்பத்தி செய்தால்தான் அதற்கு மதிப்பு என்பதே அந்த எடுகோள். இத்துறையின் வரலாற்றைப் பொறுமையாகப் பார்த்தால், இளங்கலை மாணவருக்கு எழுத்துப் பயிற்சி அளிக்கும் எண்ணம் எழுத்தாளர்களை உருவாக்கும் ஆசையிலிருந்து பிறந்ததன்று என்பதும், அது வேறொரு படிப்புக்காக வகுக்கப்பட்ட முறையைக் கடன் வாங்கியதிலிருந்தே கோணிப்போனது என்பதும் தெளிவாகும்.

தொடக்கக் கட்டங்களை விரைவாகக் கடந்துவிடலாம். 1880களில் ஹார்வர்டில் பாரெட் வெண்டெல் நடத்திய மேனிலை உரைநடை வகுப்பு, மாணவர்கள் அன்றாடம் ஒரு சிறு பத்தி எழுதித் தர வேண்டும் என்ற நடைமுறையின் மூலம், பழைய அணியியல் பாடத்தை உயிருள்ள எழுத்துப் பயிற்சியாக மாற்றியது. 1905க்குப் பின் அதே பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பியர்ஸ் பேக்கர் நடத்திய நாடக எழுத்து வகுப்பில் யூஜீன் ஓநீல் பயின்றார். அயோவா பல்கலைக்கழகத்தில் 1897இலேயே செய்யுளியற்றும் வகுப்பு ஒன்று இருந்தது. 1922இல் அங்கு மேற்பட்டப் படிப்புகளின் தலைவராக இருந்த உளவியலாளர் கார்ல் சீஷோர், ஆய்வேட்டுக்குப் பதிலாகப் படைப்பையும் ஏற்கலாம் என்று அறிவித்தார். துறை வரலாறுகள் அனைத்தும் இவ்வறிவிப்பைக் கொண்டாடுகின்றன. எனினும் அது மேற்பட்டத்துக்கான ஏற்பாடு, இளங்கலை மாணவரை மனத்தில் கொண்டதன்று.

அதே ஆண்டுகளில் நியூயார்க்கில் நடந்துகொண்டிருந்த ஒரு பணி இதைவிட ஆழமானது. கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரியோடு இணைந்த லிங்கன் பள்ளியில், ஹியூஸ் மியர்ன்ஸ் 1920 முதல் ஐந்தாண்டுகள் மாணவர்களைக் கவிதை எழுதவைத்தார். அவ்வனுபவத்தின் பதிவாக 1925இல் வெளியான ‘கிரியேட்டிவ் யூத்’ என்ற நூலே படைப்பெழுத்தை ஒரு பாடமாக நிலைநிறுத்தியது என்பதை, டி. ஜி. மயர்ஸ் 1996இல் வெளியிட்ட ‘தி எலிஃபண்ட்ஸ் டீச்’ என்ற அருமையான வரலாற்று நூல் விளக்குகிறது. கவிஞர்களை உருவாக்குவது மியர்ன்ஸின் நோக்கமன்று. தான் கண்டதையும் உணர்ந்ததையும் தன் சொற்களில் அமைக்க முயலும் இளம் மனம் இலக்கியத்தை உள்ளிருந்து அறியத் தொடங்குகிறது என்பதே அவருடைய நம்பிக்கை. இயல்பான வெளிப்பாட்டின்மீது அளவுக்கு மீறிய பற்றும் முன்னோரைப் பின்பற்றி எழுதுவதன்மீது தேவையற்ற ஐயமும் அவரிடம் இருந்தன. அக்குறையோடு சேர்த்துப் பார்த்தாலும், எழுத்துப் பயிற்சி பொதுக் கல்வியின் பகுதி என்று முதலில் தெளிவாகச் சொன்னவர் அவரே. இன்றைய பட்டப் படிப்புகளின் பாடத்திட்டங்களில் அவர் பெயர் ஏறத்தாழ இல்லாமலே போய்விட்டது.

அவரை மறைத்தது அயோவாவின் பெருநிழல். 1936இல் வில்பர் ஷ்ராம் தலைமையில் தொடங்கப்பட்ட அயோவா எழுத்தாளர் பட்டறையை, 1941 முதல் கால் நூற்றாண்டுக் காலம் வழிநடத்திய பால் எங்கிள், அசாத்தியமான உழைப்பாலும் நிதி திரட்டும் ஆற்றலாலும் உலகறிந்த நிறுவனமாக்கினார். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர்களுக்கு அரசு கல்விச் செலவை ஏற்ற 1944ஆம் ஆண்டுச் சட்டம் அங்கு மாணவர்களைக் குவித்தது. அயோவா ஆற்றங்கரையில் படையினர் கைவிட்ட தகரக் கொட்டகைகளில் வகுப்புகள் நடந்தன. ஃப்ளானரி ஓகானர் 1947இல் அங்கு பட்டம் பெற்றார். ராபர்ட் லோவலும் ஜான் பெரிமனும் கற்பித்தனர்.

பட்டறை என்ற முறையின் இயக்கம் எளிமையானது. மாணவர் ஒருவரின் கையெழுத்துப்படி முன்கூட்டியே எல்லோருக்கும் வழங்கப்படும். வகுப்பில் சக மாணவர்கள் அதன் நிறைகுறைகளை விவாதிப்பார்கள். எழுதியவர் வாய் திறவாமல் கேட்டுக்கொண்டிருப்பார். எழுதியவரின் இந்த மௌனம் அன்றைய புதுத் திறனாய்வின் கொள்கையோடு ஒத்துப்போயிற்று. ஒரு படைப்பை அதன் ஆசிரியரின் நோக்கத்திலிருந்தும் வாழ்க்கையிலிருந்தும் விலக்கி, தன்னளவில் நிறைவுற்ற சொல்லமைப்பாகக் கண்டு நுணுகி வாசிப்பதே புதுத் திறனாய்வு. போரைப் பார்த்து, ஒரு முதற்பட்டம் முடித்து, எழுதியே தீர்வது என்ற முடிவோடு வந்த முதிர்ந்த மாணவருக்கு இம்முறை பொருந்திற்று. அவர்களிடம் வாசிப்பின் சேமிப்பு ஏற்கனவே இருந்தது. பட்டறை அதைக் கூர்தீட்ட மட்டுமே வேண்டியிருந்தது. தமிழ் வாசகர்கள் அயோவாவைப் பெரும்பாலும் அசோகமித்திரனின் ‘ஒற்றன்’ வழியாகவே அறிவார்கள். அவர் சென்றதோ, எங்கிளும் ஹுவாலிங் நியேயும் 1967இல் தொடங்கிய சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்கு. பல நாடுகளின் அறியப்பட்ட எழுத்தாளர்கள் கூடித் தங்கிய அத்திட்டத்தைப் பட்டம் வழங்கும் பட்டறையோடு குழப்பிக்கொள்ளலாகாது.

1967ஆம் ஆண்டை இத்துறையின் பிரிகோடு எனலாம். அவ்வாண்டில் ஆர். வி. காசிலும் ஜார்ஜ் காரட்டும் முன்னின்று எழுத்துப் படிப்புகளின் கூட்டமைப்பைத் தொடங்கினர். எழுத்தாளர்கள் பல்கலைக்கழகத்தில் நிலையான இடம் பெறுவதற்கு அது அடித்தளமாயிற்று. அதன் பின் நிகழ்ந்த விரிவாக்கம் இலக்கியத் தேவையைவிடப் பொருளாதாரத் தேவைக்கே கட்டுப்பட்டது. எம்.எஃப்.ஏ. எனப்படும் முதுநிலை நுண்கலைப் பட்டம் பெற்றவர்கள் பெருகினார்கள். புத்தக விற்பனை அவர்களில் சிலருக்கே சோறிட்டது. மற்றவர்களுக்குக் கற்பிக்கும் வேலை தேவைப்பட்டது. கற்பிக்க இளங்கலை மாணவர்கள் தேவைப்பட்டார்கள். ஆய்வகமோ கருவிகளோ வேண்டாத பாடம் என்பதால் நிர்வாகங்கள் அதை விரும்பி வரவேற்றன. ஆசிரியர்கள் தாங்கள் அமர்ந்த வகுப்பையே மாணவர்களுக்கும் வைத்தார்கள். இவ்வாறு முதிர்ந்தோருக்காக வகுக்கப்பட்ட பட்டறை, பத்தொன்பது வயது மாணவரின் முதல் வகுப்பாக இறங்கிற்று.

இந்த இடமாற்றமே துறையின் பெரும் சீரழிவு. வாசித்தது குறைவாகவும் எழுதியது அதைவிடக் குறைவாகவும் உள்ள இளைஞர், தம்மைப் போலவே அனுபவமற்ற பன்னிரண்டு பேரின் முதல் வரைவுகளை வாரந்தோறும் வாசித்து, அவற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லப் பணிக்கப்படுகிறார். ஒரு பருவத்தில் அவர் வாசிக்கும் பக்கங்களில் பெரும்பகுதி சக மாணவரின் பக்கங்கள். செகாவுக்கும் எமிலி டிக்கின்ஸனுக்கும் எஞ்சும் நேரம் சொற்பம். ‘காட்டு, சொல்லாதே’, ‘அறிந்ததை எழுது’, ‘உன் குரலைக் கண்டுபிடி’ என்னும் மூன்று விதிகள் முழுமையான அழகியலின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. 1982இல் ஜேனட் பரோவே எழுதிய புனைகதைப் பாடநூல் போன்ற நல்ல கையேடுகள்கூட, வாசிப்பின் தளம் இல்லாத வகுப்பில் உத்திகளின் பட்டியலாகச் சுருங்கிவிடுகின்றன. வெண்டி பிஷப் 1990இல் வெளியிட்ட ‘ரிலீஸ்ட் இன்டு லாங்குவேஜ்’ என்ற நூலில், மேற்பட்டப் பட்டறையை இளங்கலை வகுப்புக்கு அப்படியே பெயர்ப்பதன் தீமையைச் சுட்டி, பலவகைப் பயிற்சிகளையும் வரைவுகளையும் மையமாகக் கொண்ட மாற்று வகுப்பை முன்மொழிந்தார். அந்நூலுக்குக் கிடைத்திருக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை.

பிரிட்டனின் கதை சுருக்கமானது. 1970இல் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் மால்கம் பிராட்பரியும் ஆங்கஸ் வில்சனும் தொடங்கிய முதுகலைப் படிப்பில் இயன் மக்யூவன் முதல் மாணவர். பின்னர் கசுவோ இஷிகுரோ அங்கு பயின்றார். இவ்விரு பெயர்களின் ஒளியில், தொழில்நுட்பக் கல்லூரிகள் பல்கலைக்கழகங்களாக உயர்த்தப்பட்ட 1992க்குப் பின், இளங்கலைப் படைப்பெழுத்துப் படிப்புகள் நாடெங்கும் பரவின. 2012இல் இங்கிலாந்தின் ஆண்டுக் கட்டண உச்சவரம்பு 9,000 பவுண்டாக உயர்ந்ததும் மாணவர் வாடிக்கையாளரானார். பட்டதாரியின் வருமானம் பட்டத்தின் மதிப்பை அளக்கும் கோலாயிற்று. உயர்கல்வித் தர முகமை 2016இல் படைப்பெழுத்துக்கெனத் தனித் தர வரையறை வெளியிட்டபோது துறைக்கு அதிகாரபூர்வ முகம் கிடைத்தது. ஆயினும் எதற்காக இந்தப் பட்டம் என்ற கேள்வி வருமான அட்டவணைகளுக்கு அடியில் புதைந்துகொண்டே போகிறது.

2009 முதல் வந்துள்ள விமர்சன நூல்களும் கட்டுரைகளும் வளமானவை. போருக்குப் பிந்தைய அமெரிக்கப் புனைகதையை எழுத்துப் படிப்புகளிலிருந்து பிரித்துப் புரிந்துகொள்ள முடியாது என்று மார்க் மெக்கர்ல் 2009இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். அந்நூலுக்கு மறுத்தெழுதிய எலிஃப் பாட்டுமான், படிப்புகளிலிருந்து வரும் எழுத்து தனக்கு முந்தைய இலக்கியத்தை அறியாமல் எழுதப்படுகிறது என்று சரியாகவே குற்றஞ்சாட்டினார். பனிப்போர்க் கால அரசியலும் அறக்கட்டளைப் பணமும் அயோவாவின் அழகியலை எவ்வாறு வடிவமைத்தன என்பதை எரிக் பென்னட் 2015இல் ஆவணங்களோடு காட்டினார். ஜூனோ டியாஸும் மேத்யூ சலெஸஸும் பட்டறை சிறுபான்மையின மாணவரை எவ்வாறு அடக்குகிறது என்று எழுதினார்கள். இவை தேவையான எழுத்துகள். ஆனால் எல்லாமே மேற்பட்டத்தையும் எழுத்தாளராகப் போகிறவரையுமே நோக்குகின்றன. ஒருபோதும் நூல் வெளியிடப்போகாத பெரும்பான்மை இளங்கலை மாணவருக்கு எழுத்து என்ன செய்யும் என்ற கேள்வியை இவர்களில் எவரும் தம் எழுத்தின் மையமாக்கவில்லை.

அக்கேள்விக்கான விடை 1967இன் மறுபாதையில் கிடக்கிறது. அதே ஆண்டில் நியூயார்க்கில் ஆசிரியர்–எழுத்தாளர் கூட்டமைப்பு ஒன்று, எழுத்தாளர்களைப் பள்ளிகளுக்கு அனுப்புவதற்காகத் தோன்றியது. அதே ஆண்டில் கவிஞர் டெட் ஹியூஸ், பள்ளி மாணவருக்காக பிபிசி வானொலியில் ஆற்றிய உரைகளை ‘பொயட்ரி இன் தி மேக்கிங்’ என்ற நூலாக்கினார். மறு ஆண்டில் ஜான் மோட்டும் ஜான் ஃபேர்ஃபேக்ஸும் தொடங்கிய, தங்கிப் பயிலும் ஆர்வன் எழுத்து முகாம்களுக்கு அவர் பெருந்துணையானார். ஒரு பொருளின்மீது மனத்தைக் குவித்து, குறுகிய நேரத்துக்குள் எழுதச் செய்யும் அவருடைய பயிற்சி, உத்தியைக் கற்பிப்பதற்கு முன் கவனத்தைக் கற்பித்தது.

இப்பாதையில் மிக முக்கியமானவர் கென்னத் காக். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் இளங்கலை மாணவருக்குக் கற்பித்த இக்கவிஞர், நியூயார்க்கின் பி.எஸ். 61 என்ற அரசுப் பள்ளியில் குழந்தைகளோடு நடத்திய வகுப்புகளிலிருந்து 1970இலும் 1973இலும் இரு நூல்கள் எழுதினார். இரண்டாம் நூலான ‘ரோஸ், வேர் டிட் யூ கெட் தட் ரெட்?’ இத்துறையின் மிகச் சிறந்த நூல் என்று துணிந்து சொல்லலாம். பிளேக்கின் புலிக் கவிதையைக் குழந்தைகளோடு வாசித்துவிட்டு, விந்தையான ஓர் உயிரிடம் கேள்விகள் கேட்டு எழுதச் செய்தார். வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸின் பிளம் பழக் கவிதையை வாசித்துவிட்டு, செய்ததில் உள்ளூர மகிழ்ந்த ஒரு குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டு எழுதச் செய்தார். மகத்தான ஒரு கவிதையின் உள்ளியக்கத்தைக் கண்டு அதைத் தன் கையால் இயக்கிப் பார்ப்பதே இங்கு பயிற்சி. மியர்ன்ஸிடம் இல்லாமற்போனதை, அதாவது முன்னோரின் துணையை, காக் இவ்வாறு சேர்த்தார். கொலம்பியாவில் அவரிடம் பயின்ற ரான் பேட்ஜெட்டும் டேவிட் ஷபீரோவும் கவிஞரானார்கள். கவிஞராகாத மாணவரும் பிளேக்கை வேறு கண்ணால் வாசிக்கக் கற்றார்கள் என்பது அதைவிடப் பெரிய பேறு.

இதற்குத் துணை நிற்கும் சான்றுகள் வேறும் உண்டு. சிக்கோ மாநிலக் கல்லூரியில் இளங்கலை மாணவராயிருந்த ரேமண்ட் கார்வர், அன்று ஒரு நூலும் வெளியிட்டிராத ஜான் கார்ட்னரிடம் பயின்றதைப் பின்னாளில் நன்றியோடு பதிவு செய்தார். ஒரு பருவம் முழுவதும் பத்துப் பதினைந்து பக்கக் கதை ஒன்றே கடமை. அதைப் பத்து முறைகூடத் திருத்த நேரலாம். ஆசிரியர் சொல் சொல்லாக அதன்மீது உழைப்பார், வாசிக்க வேண்டிய ஆசிரியர்களின் பெயர்களைத் தருவார். 1939இல் ஆலன் டேட்டைக் கொண்டு எழுத்து வகுப்பைத் தொடங்கிய பிரின்ஸ்டன், எம்.எஃப்.ஏ. படிப்பு இல்லாமலே, டோனி மாரிசனும் ஜாய்ஸ் கரோல் ஓட்ஸும் இளங்கலை மாணவருக்கு நேரில் கற்பித்த இடமாக வளர்ந்தது. சிறப்பான இளங்கலைக் கல்வி அயோவாவின் பிரதி அன்று என்பதை இவ்விரு நிகழ்வுகளும் உறுதிப்படுத்துகின்றன.

பின்பற்றி எழுதுவது இளம் குரலை நசுக்கும் என்ற தடை எழுப்பப்படலாம். பத்தொன்பது வயதில் ஒருவரிடம் இருப்பதாகக் கருதப்படும் சொந்தக் குரல், பெரும்பாலும் தொலைக்காட்சியிலிருந்தும் பாடல்களிலிருந்தும் அறியாமல் இரவல் வாங்கியதே. எவரிடமிருந்து எடுக்கிறோம் என்று அறிந்து எடுப்பவரே அதிலிருந்து விடுபடவும் கற்கிறார். காக்கின் மாணவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருக்கவில்லை என்பதே இதற்குப் போதிய விடை.

ஆகவே இளங்கலைப் பட்டம் தன் வரிசையை மாற்ற வேண்டும். முதலாண்டு வாசிப்புக்கும், வாசித்ததற்கு எழுத்தாலேயே மறுமொழி தருவதற்கும், மனப்பாடத்துக்கும் உரியது. இரண்டாம் ஆண்டு யாப்புக்கும், மொழிபெயர்ப்புக்கும், ஒரே கதையைப் பலமுறை திருத்துவதற்கும் உரியது. பட்டறை மூன்றாம் ஆண்டில், தன் வாசிப்பைக் கொண்டு பிறர் எழுத்தை மதிப்பிடத் தகுதி பெற்றவர்களிடையே நடக்கட்டும். மதிப்பெண்ணும் முடிந்த கதைக்கு மட்டும் அமையாமல், வரைவுகளின் வரிசைக்கும் அவற்றை மாணவரே ஆராயும் கட்டுரைக்கும் சேர்த்து வழங்கப்பட வேண்டும். இப்படி அமைந்த மூன்றாண்டுகளிலிருந்து ஓர் எழுத்தாளர் வெளிவந்தால் அது மகிழ்ச்சிக்குரியது. வராவிட்டாலும், ஒரு வாக்கியம் எவ்வளவு உழைப்பால் நிற்கிறது என்பதைத் தன் கையால் அறிந்த வாசகர்கள் வெளிவருவார்கள். இலக்கியம் வாழ்வது அத்தகைய வாசகர்களால் என்பதால், அவர்களை உருவாக்கும் படிப்பைக் காலவிரயம் என்று ஒதுக்க ஒரு பல்கலைக்கழகத்துக்கும் உரிமையில்லை.