நாயனமும் மானமும்

செரம்பான், போர்ட்டிக்சன் வட்டாரத் தோட்டக் கோயில்களில் நாயன ஓசையின்றித் திருவிழா நிறைவுறுவதில்லை. ஆயினும், அதை ஊதுபவர் எங்கே நிறுத்தப்படுகிறார், எவ்வாறு நடத்தப்படுகிறார் என்பதை நாம் கருதிப் பார்ப்பதுண்டோ? இக்கேள்விக்குத் தம் வாழ்வாலேயே விடையளித்தவர் திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956).

அவருடைய தோடியைப் புகழாதார் இலர். இசைத்தட்டில் எஞ்சியுள்ள அத்தோடியைக் கேட்போர்க்கு அப்புகழின் காரணம் விளங்கும். சுரங்களை அடுக்கிக் காட்டும் வித்தையன்று அது. இராகம் தானே விரிந்து செல்லும் பெருக்கு. வாய்ப்பாட்டின் குழைவு அதில் உண்டு. விரைவு மிகுமிடத்தும் தெளிவு குன்றுவதில்லை.

அவ்விசைக்கேற்ற கருவியையும் அவர் தேடினார். குட்டையாய், உச்சச் சுருதியில் ஒலித்த திமிரி நாயனத்தை விட்டு, நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்தளித்த நீண்ட பாரி நாயனத்தைக் கைக்கொண்டார். சுருதி தாழ்ந்தது, நாதம் கனத்தது. ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவைச் சுருதிக்கு வைத்துக்கொண்டார்.

கருவியோடு அவருடைய சீர்திருத்தம் நின்றுவிடவில்லை. நாயனக்காரர் மேலாடையின்றி, செல்வர் முன் நின்று ஊதவேண்டும் என்பது அந்நாள் வழக்கம். இவரோ கிராப்பு வைத்தார். கோட்டும் ஷெர்வாணியும் அணிந்தார். பாட்டு வித்வான்களைப் போல் மேடையில் அமர்ந்தே வாசித்தார். செருக்கு என்றனர் சிலர். நாம் அவ்வாறு கருதோம். பாடுவோனுக்கு ஆசனம், ஊதுவோனுக்கு நிலம் என்னும் பாகுபாடு இசையிலிருந்து பிறந்ததன்று, சாதியிலிருந்து பிறந்தது. அதை மறுத்தல் செருக்காகுமா? 1940இல் வெளிவந்த "காளமேகம்" படத்தில் கதாநாயகராக நடித்தார். 1947 ஆகஸ்டில் டில்லியில் நிகழ்ந்த சுதந்திர விழாவிலும் அவர் நாயனம் முழங்கிற்று.

எனினும், ஒரு குறையை மறைத்தல் முறையன்று. மேதைக்குக் கிடைத்த ஆசனம் எளிய நாயனக்காரருக்கு எளிதில் கிடைத்துவிடவில்லை. அப்பிழை அவருடையதன்று, நம்முடையது. தோடியைக் கொண்டாடினோம், அதை ஊதியவர் கேட்ட மரியாதையை அவர் ஒருவருக்கே உரியதென ஒதுக்கிவைத்தோம்.

தோட்டத்து நண்பர்களே! அடுத்த திருவிழாவில் நாயனக்காரருக்கு ஒரு மேடையும் விரிப்பும் அளியுங்கள். பேசிய கூலியைக் கேட்குமுன் கொடுங்கள். அவர் வாசிக்கும் நேரத்தில் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, அரை மணி நேரமாவது வாய் மூடிக் கேளுங்கள். இராஜரத்தினத்துக்கு நாம் செய்யும் மெய்யான மரியாதை அதுவே.